நகையா, நிலமா, விளைச்சலா? எதை ஈடு வைப்பது?

மூங்கில்துறைப்பட்டு சுற்றுவட்டாரத்தில் கரும்பு வெட்டு நடக்கும் மாதங்களில்தான் கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கத்தில் மக்காச்சோளமும் களத்துக்கு வருகிறது. கையில் விளைச்சல் இருக்கும் காலம் அது. ஆனால் வெட்டுக்கூலி, வண்டி வாடகை, அடுத்த போகத்துக்கு உரம் என்று பணம் அதிகம் தேவைப்படும் காலமும் அதுவே. அந்த நேரத்தில் பெரும்பாலான வீடுகளில் முதலில் கழற்றப்படுவது நகை. அதுவும் போதாவிட்டால் நிலப்பத்திரம். களத்தில் குவிந்து கிடக்கும் விளைச்சலை ஈடு வைக்கலாம் என்ற எண்ணம் மட்டும் கடைசி வரை வருவதில்லை. அது அன்றைய விலைக்கே போய்விடுகிறது.

கடந்த சில ஆண்டுகளில் ஈட்டுக் கடன் தொடர்பான விதிகள் வரிசையாக மாறியிருக்கின்றன. பிணையில்லாப் பயிர்க்கடனுக்கு உச்சவரம்பு உயர்ந்திருக்கிறது. நகைக்கடனுக்குப் புதிய விதிகள் வந்திருக்கின்றன. கிடங்கு ரசீதின் மீதான கடனுக்கு மத்திய அரசு உத்தரவாதம் தந்திருக்கிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் எந்தக் கடனுக்கு எதை ஈடாக வைப்பது என்ற கணக்கு பிடிபடும்.

மூன்று விதமான ஈடு

பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் 'அடமானம்' என்று சொல்லிவிடுகிறோம். சட்டத்தில் மூன்றும் வேறு.

முதலாவது அடகு. பொருள் கடன் கொடுத்தவர் கைக்குப் போய்விடும். உரிமை மட்டும் நம்மிடம் இருக்கும். நகைக்கடன் இந்த வகை. 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 172-வது பிரிவு முதல் இதற்கு விதி சொல்கிறது. கடனைக் கட்டாவிட்டால் நியாயமான முன்னறிவிப்பு கொடுத்துத்தான் பொருளை விற்க முடியும் என்கிறது 176-வது பிரிவு. தவணை தாண்டியிருந்தாலும், பொருள் உண்மையில் விற்கப்படும் வரை பணம் கட்டி மீட்கும் உரிமை உண்டு என்கிறது 177-வது பிரிவு. 'கெடு முடிந்துவிட்டது, இனி நகை உனக்கில்லை' என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இரண்டாவது, வங்கிகளில் 'ஹைப்பாதிகேஷன்' என்று சொல்லும் ஈடு. பொருள் நம்மிடமே இருக்கும். அதன் மீது வங்கிக்குப் பாத்தியதை இருக்கும். டிராக்டர் கடனும், நிற்கும் பயிரின் மீது தரப்படும் பயிர்க்கடனும் இந்த வகை.

மூன்றாவதுதான் அடமானம். அது நிலம், வீடு போன்ற அசையாச் சொத்துக்கு உரியது. 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் கீழ் வருவது.

இந்தப் பிரிவினை நம் நாட்டில் மட்டும் உள்ளதல்ல. போலந்து நாட்டில் அசையும் பொருளை ஈடு வைப்பதற்கு 'சஸ்தாவ்' என்று பெயர். அங்கும் சாதாரண அடகில் பொருள் கடன் கொடுத்தவரிடம் போக வேண்டும். டிராக்டரைக் கொடுத்துவிட்டு ஒரு விவசாயி எதைக் கொண்டு உழுவார்? அதனால் 1996 டிசம்பரில் தனிச்சட்டம் இயற்றி, 1998 முதல் 'பதிவு அடகு' முறையைக் கொண்டுவந்தார்கள். பொருள் உரியவரிடமே இருக்கும்; அதன் மீதான கடன் நீதிமன்றம் பராமரிக்கும் பதிவேட்டில் ஏறும்; அதை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். கடன் கொடுப்பவர் பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தேவையில்லை, நம்பத்தகுந்த பதிவு இருந்தால் போதும் என்பதுதான் இதன் சாரம். நம் ஊரில் கிடங்கு ரசீதுக் கடன் இதே வழியில்தான் நடக்கப் பார்க்கிறது.

2 லட்சம் வரை ஈடே தேவையில்லை

ஈடு வைப்பதற்கு முன் ஒரு கேள்வி: இந்தக் கடனுக்கு ஈடு தேவையா?

விவசாயக் கடனில் பிணையில்லா வரம்பை 1.60 லட்சம் ரூபாயிலிருந்து 2 லட்சமாக ரிசர்வ் வங்கி உயர்த்தியது. 2025 ஜனவரி 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. 2 லட்சம் வரை வங்கி நிலப்பத்திரம் கேட்கக் கூடாது. பயிரின் மீதான ஈடு மட்டும் போதும்.

கரும்பு விவசாயிகளுக்கு இன்னொரு சலுகையும் உண்டு. விளைபொருள் பணத்திலிருந்து கடனைப் பிடித்துக் கட்ட ஆலையோடு வங்கிக்கு உடன்பாடு இருந்தால், கிசான் கடன் அட்டையில் 3 லட்சம் ரூபாய் வரை வேறு ஈடு கேட்காமல் பயிரின் மீதே கடன் தரலாம் என்று ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் சொல்கிறது. மூங்கில்துறைப்பட்டில் உள்ள கள்ளக்குறிச்சி-1 கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கோ, கச்சிராயபாளையத்தில் உள்ள கள்ளக்குறிச்சி-2 ஆலைக்கோ கரும்பைப் பதிவு செய்தவர்கள், தங்கள் வங்கிக் கிளைக்கு இப்படி உடன்பாடு இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

இங்கே ஒரு நெளிவும் இருக்கிறது. பிணையில்லா வரம்புக்குள் வரும் விவசாயக் கடனுக்கும், விவசாயி தானாக விரும்பி நகையை ஈடாகக் கொடுத்தால் அது விதிமீறல் ஆகாது என்று 2025 ஜூலையில் ரிசர்வ் வங்கி விளக்கம் கொடுத்தது. நகை வைத்தால் கடன் உடனே கிடைக்கும் என்பதால் பலருக்கு இது வசதிதான். ஆனால் 'நகை கொண்டு வந்தால்தான் கடன்' என்று கிளையில் சொன்னால் அது விருப்பம் அல்ல, நிர்பந்தம். அந்த இடத்தில் 'பிணையில்லாக் கடனுக்கு மனு கொடுக்கிறேன், ஒப்புகைச் சீட்டு கொடுங்கள்' என்று எழுத்தில் கேளுங்கள். வங்கிக்குப் புகார் எழுதி 30 நாட்களில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கிடைக்கும்.

நகைக்கடன்: புதிய விதியில் என்ன இருக்கிறது?

தங்கம், வெள்ளி ஈட்டுக் கடன் பற்றிய ரிசர்வ் வங்கியின் உத்தரவு 2025 ஜூன் 6 அன்று வெளியானது. 2026 ஏப்ரல் 1-க்குள் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் இதை முழுமையாக நடைமுறைப்படுத்த வேண்டும் என்பது கெடு. விவசாயிகளுக்கு முக்கியமானவை இவை:

வீட்டுச் செலவுக்கான நகைக்கடன் 2.5 லட்சம் ரூபாய் வரை என்றால் நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். 2.5 லட்சத்துக்கு மேல் 5 லட்சம் வரை 80 சதவீதம். அதற்கு மேல் 75 சதவீதம்.

ஆனால் அசலும் வட்டியும் கடைசியில் ஒரே தடவையாகக் கட்டும் கடனில், இந்த 85 சதவீதத்துக்குள் வட்டியும் அடங்க வேண்டும். 2 லட்சம் ரூபாய் மதிப்புள்ள நகைக்கு 1.70 லட்சம் கையில் கிடைக்கும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். ஓராண்டுக்கு 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், கையில் வருவது சுமார் 1,54,500 ரூபாய்தான். இத்தகைய கடனுக்கு உச்சகட்டத் தவணை 12 மாதம். வட்டியைக் கட்டாமல் அப்படியே புதுப்பிக்கவும் முடியாது. 'மாற்றி வைத்து' ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடும் பழக்கம் உள்ளவர்கள் வட்டிப் பணத்தை இப்போதே கணக்கில் வைக்க வேண்டும்.

முழுக் கடனையும் கட்டிவிட்டால் அன்றே, அதிகபட்சம் 7 வேலை நாட்களுக்குள், நகையைத் திருப்பித் தர வேண்டும். தாமதம் வங்கியின் பக்கம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. ஏலம் விடுவதற்கு முன் முன்னறிவிப்பு தர வேண்டும்; ஏலத்தின் தொடக்க விலை நகையின் அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது; இரண்டு ஏலம் தோற்றால் மட்டும் 85 சதவீதம் வரை இறங்கலாம். கடன் போக மிஞ்சிய பணம் விவசாயிக்கு வர வேண்டும். நகையின் எடை, தரம், கழிவு ஆகியவை எழுதிய சான்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் ரிசர்வ் வங்கியின் நேரடிக் கட்டுப்பாட்டில் இல்லை. அங்கே கூட்டுறவுத் துறையின் விதிகளே செல்லும். சங்கத்தில் நகை வைத்திருப்பவர்கள் இந்த விதிகளை அங்கே அப்படியே எதிர்பார்க்க வேண்டாம். சங்கத்தின் விதியைச் செயலாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கரும்பு: தாமதத்தின் விலை

கரும்பை வெட்டிய பிறகு வைத்திருக்க முடியாது. ஒரு நாள் தாண்டினாலே எடையும் சர்க்கரைச் சத்தும் இறங்கத் தொடங்கும். ஆகவே கிடங்கில் வைத்துக் கடன் வாங்கும் பேச்சுக்கு இடமில்லை. கரும்பில் ஈடு என்பது நிற்கும் பயிரும், ஆலை தர வேண்டிய பணமும்தான்.

2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த நியாயமான ஆதாய விலை, 10.25 சதவீதப் பிழிதிறனுக்கு டன்னுக்கு 3,550 ரூபாய். 1966-ம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு கொடுத்த 14 நாட்களுக்குள் ஆலை பணம் தர வேண்டும்; தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி சேர்த்துத் தர வேண்டும்.

பணம் தாமதமானால் அடி இரண்டு பக்கமும் விழுகிறது. கிசான் கடன் அட்டையில் 3 லட்சம் வரை 7 சதவீத வட்டி. கெடுவுக்குள் கட்டினால் 3 சதவீதம் சலுகை போக 4 சதவீதம்தான். ஆலைப் பணம் வராமல் கெடு தாண்டினால் அந்த 3 சதவீதம் போய்விடும்; 3 லட்சம் கடனுக்கு ஆண்டுக்கு 9,000 ரூபாய். கூட்டுறவுச் சங்கத்தில் வட்டியில்லாப் பயிர்க்கடன் வாங்கியவர்களுக்கும் கெடுவுக்குள் கட்டினால்தான் வட்டியில்லை. ஆலை தாமதத்துக்கு விவசாயி தண்டம் கட்டுவது நியாயமல்ல. ஆலைக்குக் கரும்பு இறங்கிய நாளையே கடன் திருப்பிய நாளாக வங்கி கணக்கில் கொள்ள வேண்டும் என்று விவசாயச் சங்கங்கள் கேட்கலாம். முத்தரப்பு உடன்பாடு இருக்கும் இடத்தில் கணக்கு மூவர் கையிலும் இருப்பதால் இது நடைமுறையில் கடினமும் அல்ல.

முத்தரப்பு உடன்பாட்டில் ஆபத்தும் உண்டு. தஞ்சாவூர் மாவட்டம் திருமண்டங்குடியில், திருஆரூரான் சர்க்கரை ஆலை என்ற தனியார் ஆலைக்குக் கரும்பு கொடுத்த விவசாயிகள் 2022 நவம்பரில் ஆலை வாசலில் போராட்டம் தொடங்கினார்கள். தங்கள் பெயரில் வங்கிகளில் கடன் வாங்கப்பட்டது, பணம் தங்கள் கைக்கு வரவே இல்லை என்பது அவர்களின் முக்கியமான புகார். ஆலை திவால் நடவடிக்கைக்குப் போய்க் கைமாறிய பிறகும் அந்தக் கடன் சுமை விவசாயிகளை விடவில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் எளிது. நிரப்பாத தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. கடன் தொகை நம் கணக்கில் வரவாகிறதா என்று பார்க்க வேண்டும். நம் பெயரில் எத்தனை கடன் இருக்கிறது என்பதைக் காட்டும் கடன் அறிக்கையை சிபில் போன்ற நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தர வேண்டும். ஊர் இளைஞர் ஒருவரின் உதவியோடு ஆண்டுக்கொரு முறை அதை எடுத்துப் பாருங்கள்.

மக்காச்சோளம்: கிடங்கு ரசீதின் கணக்கு

விளைச்சலை ஈடு வைக்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் பொருளீட்டுக் கடன். விளைபொருளை விற்பனைக்கூடக் கிடங்கில் வைத்து, மதிப்பில் 75 சதவீதம் வரை, அதிகபட்சம் 3 லட்சம் ரூபாய், 5 சதவீத வட்டிக்கு 180 நாட்கள் வரை வாங்கலாம் என்பது நடைமுறை. இன்னொன்று, கிடங்கு மேம்பாட்டு ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவான கிடங்கில் வைத்து மின்னணு ரசீது பெற்று, அதை வங்கியில் ஈடாகக் காட்டுவது. 2007-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2010-ல் ஆணையம் அமைந்தது. மின்னணு ரசீது 2017-ல் வந்தது. கடன் அட்டை வைத்திருக்கும் சிறு, குறு விவசாயிகளுக்கு அறுவடைக்குப் பின் 6 மாதம் வரை இந்த ரசீதின் மீதும் 7 சதவீத வட்டிச் சலுகை உண்டு.

வங்கிகள் இதில் தயங்கியதற்குக் காரணம் இருக்கிறது. 2013-ல் தேசிய ஸ்பாட் சந்தை நின்றுபோனபோது, ரசீதில் இருந்த சரக்கு கிடங்கில் இல்லை என்பது வெளியானது. சுமார் 5,600 கோடி ரூபாய் முடங்கியது. அந்த அச்சத்தைப் போக்கத்தான் 2024 டிசம்பர் 16 அன்று மத்திய அரசு 1,000 கோடி ரூபாயில் கடன் உத்தரவாதத் திட்டம் தொடங்கியது. சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடி விவசாயிகள் வாங்கும் கடனில் 3 லட்சம் வரை 85 சதவீதத்துக்கும், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதத்துக்கும் உத்தரவாதம் உண்டு. இது வங்கியின் நட்டத்துக்கான காப்பு; விவசாயியின் கடன் தள்ளுபடி அல்ல என்பதை நினைவில் வையுங்கள்.

லாபமா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 குவிண்டால் காய்ந்த மக்காச்சோளம். இன்றைய விலை குவிண்டால் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பு 80,000. கடன் 60,000. நான்கு மாத வட்டி, 5 சதவீதத்தில், 1,000 ரூபாய். ஏற்று, இறக்கு, வண்டி, கிடங்கு வாடகை எல்லாம் சேர்த்து குவிண்டாலுக்கு 60 ரூபாய் என்றால் 2,400. எடை இழப்பு 1 சதவீதம் என்றால் 800. ஆக மொத்தம் 4,200. குவிண்டாலுக்கு 105 ரூபாய். நான்கு மாதத்தில் விலை 2,105-ஐத் தாண்டினால் லாபம். தாண்டாவிட்டால் வைத்தது வீண்.

இந்த 60,000 ரூபாயையே வெளியில் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கினால் நான்கு மாத வட்டி மட்டும் 4,800. அந்தக் கடனைக் கொடுத்தவரே சோளத்தை வாங்கும் வியாபாரியாகவும் இருந்தால் விலையும் அவர் கையில். ஆக, விலை ஏறினால்தான் பயன் என்றில்லை. யாருக்கு, எப்போது விற்பது என்ற முடிவு நம்மிடம் இருப்பதே இதன் முதல் ஆதாயம்.

விலை ஏறும் என்று யாரும் உறுதி தர முடியாது. 2025-26-ல் மக்காச்சோளத்துக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை 2,400 ரூபாய் என்றாலும், கொள்முதல் இல்லாத இடத்தில் அந்த விலை தாளில்தான் இருக்கும். எனவே முழுவதையும் வைக்காமல் பாதியை விற்றுக் கடனையும் கூலியையும் கட்டிவிட்டு, மீதியைக் கிடங்கில் வைப்பதே பாதுகாப்பு.

ஈரம்தான் முதல் எதிரி

கடன் அதிகாரி ரசீதைப் பார்ப்பார்; கிடங்கில் ஈரமானியைப் பார்ப்பார்கள். மக்காச்சோளம் வெட்டும்போது 20 முதல் 25 சதவீதம் ஈரம் இருக்கும். சேமிக்க 12 சதவீதத்துக்குள் வர வேண்டும். ஈரத்தோடு வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். அஃப்ளாடாக்சின் நஞ்சு வந்தால் தீவன ஆலை திருப்பி அனுப்பிவிடும். கடன் மட்டும் நிற்கும்.

18 சதவீத ஈரமுள்ள 100 கிலோ சோளத்தை 12 சதவீதத்துக்குக் காயவைத்தால் 93.2 கிலோ நிற்கும். கிட்டத்தட்ட 7 கிலோ குறைவது நட்டம் அல்ல, அது தண்ணீர். ஈரச்சோளத்துக்கு வியாபாரி குவிண்டாலுக்கு 1,864 ரூபாய் கொடுத்தால், அது காய்ந்த சோளத்துக்கு 2,000 கொடுத்ததற்குச் சமம். அதற்கும் கீழே கேட்டால் காயவைத்து விற்பதைப் பற்றி யோசியுங்கள். தார்ச்சாலையில் காயவைக்காதீர்கள், கல்லும் மண்ணும் கலந்தால் தரம் இறங்கும். உலர்களத்தில் அல்லது தார்ப்பாயில், 5 செ.மீ. உயரத்துக்கு மேல் இல்லாமல் பரப்பி, அடிக்கடி கிளறிவிட வேண்டும்.

உளுந்து, மணிலா, எள், பருத்தி, மஞ்சள், சாமை ஆகியவையும் கிடங்குக் கடனுக்கு ஏற்றவை. மரவள்ளிக் கிழங்கு தோண்டிய இரண்டு மூன்று நாளிலேயே கெடத் தொடங்கும். அதற்கு இந்த வழி உதவாது. நெல்லுக்கு நேரடிக் கொள்முதல் நிலையம் இருக்கும் ஊரில் அங்கே போடுவதே மேல். சன்ன ரகம் விளைவித்தவர்கள் வேண்டுமானால் கணக்குப் பார்த்து வைக்கலாம்.

கல்வராயன் மலையில் என்ன வழி?

மலையில் கதை வேறு. வன உரிமைச் சட்டத்தின் கீழ் தரப்படும் பட்டா வாரிசுக்குப் போகும். ஆனால் விற்கவோ, வேறொருவர் பெயருக்கு மாற்றவோ முடியாது என்று 2006-ம் ஆண்டுச் சட்டத்தின் 4(4) பிரிவு சொல்கிறது. நிலம் கைவிட்டுப் போகக் கூடாது என்பதற்கான காப்பு அது. அதனால் அதை அடமானமாக ஏற்க வங்கி தயங்கும். ஆனால் 2 லட்சம் வரை நில அடமானமே கேட்கக் கூடாது என்னும்போது, இந்தப் பட்டா பயிர்க்கடனுக்குத் தடையாக இருக்க நியாயமில்லை. வேளாண் அலுவலர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் சாகுபடிச் சான்றைத் தாமதமின்றித் தந்தால் பாதி வழி திறந்துவிடும்.

அது திறக்காதபோதுதான் வாய்மொழிப் போக்கியம் நுழைகிறது. ஒரு தொகையை வாங்கிக்கொண்டு நிலத்தை இன்னொருவர் அனுபவத்தில் விடுவதும் சட்டப்படி அடமானமே; இத்தகைய அடமானம் 100 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் எழுத்தும் பதிவும் வேண்டும். எழுத்தில்லாத போக்கியத்தில் கெடு எப்போது, தொகை எவ்வளவு என்று பின்னால் நிரூபிக்க வழியில்லை. அவசரத்துக்கு வாங்கிய 20,000 ரூபாய்க்கு நிலத்தின் அனுபவம் ஆண்டுக்கணக்கில் போய்விடக் கூடும்.

சாமை உமியோடு பல மாதம் கெடாமல் இருக்கும். ஈடு வைக்க நல்ல பொருள். ஆனால் வெள்ளிமலையிலிருந்து சமவெளிக் கிடங்குக்கு இறக்கும் கூலி, வட்டி லாபத்தைத் தின்றுவிடும். மலையிலேயே பதிவு பெற்ற சிறு கிடங்கு ஒன்று இருந்தால் கணக்கு மாறும். மலைவாழ் மக்களுக்கான பெரும் பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக இதைச் செய்ய முடியும். உத்தரவாதத் திட்டத்தில் பழங்குடி விவசாயிகளுக்கு எழுதிவைத்த 85 சதவீதம், கிடங்கு இல்லாத மலையில் யாருக்கும் பயன்படாது.

கடன் வாங்கும் முன்

பயிர்ச்செலவுக்கு முதலில் பிணையில்லாப் பயிர்க்கடன். அறுவடைக்குப் பின் வரும் செலவுக்கு விளைச்சல் ஈடு. மருத்துவம், படிப்பு போன்ற அவசரத்துக்கு நகை. நிலத்தைக் கிணறு, சொட்டுநீர் போல நிலத்துக்கே திரும்பும் நீண்டகாலச் செலவுக்கு மட்டும் அடமானம் வையுங்கள். விவசாய நிலத்தின் மீது சர்ஃபாசி சட்டத்தின் துரித நடவடிக்கை பாயாது என்று அச்சட்டத்தின் 31-வது பிரிவு விலக்கு தருகிறது. ஆனால் வங்கி நீதிமன்றம் போவதை அது தடுக்காது.

அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே, அருகில் பதிவு பெற்ற கிடங்கு எது, வாடகை எவ்வளவு, ஈரமானி எங்கே இருக்கிறது, எந்த வங்கிக் கிளை ரசீதை ஏற்கிறது என்ற நான்கு விவரத்தை ஊராட்சிப் பலகையில் எழுதிப் போடுங்கள். சோளம் களத்துக்கு வந்த பிறகு விசாரிக்க யாருக்கும் நேரம் இருக்காது. வியாபாரியின் வண்டி அதற்குள் வாசலில் நிற்கும்.